பன்னிரண்டாம் நம்பர் மலை

பேராதனையில் தந்த படிவத்தில் நான்கு கட்டங்கள்:
வைத்தியம், தாதியம், இயன்மருத்துவம், மருந்து.
கடைசி என்னுடையது.
ஒரு நோயாளி, நான்கு மாணவர், மூன்று வாரம்.
சேர்ந்து பாருங்கள் என்றார்கள்.
சேர்வதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.

பொகவந்தலாவைக்கு மேலே
மேல்கணக்கு லயத்தில் ஆறாம் காம்பரா.
பவளக்கொடி, ஐம்பத்தொரு வயது.
பொழுது சாய்ந்தால் இரண்டு காலும்
ரப்பர் செருப்புக்குள் போகாது.

இசுரி கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தாள்.
நூற்றெழுபத்தெட்டு. மறுவாரமும் அதே.
'மருந்தைக் கூட்டலாம்' என்று எழுதினாள்.
இம்ஸான் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி
பள்ளம் நிரம்பும்வரை எண்ணினான்.
உப்பைக் குறையுங்கள் என்று தொடங்கியவன்
அம்மியில் கிடந்த சம்பலைக் கண்டு
பாதியில் குரலைக் குறைத்தான்.
நான் வாசற்படியில் இருந்து நீர் மாத்திரைகளை எண்ணினேன்.
ஒன்பது மிஞ்சியிருக்க வேண்டிய உறையில்
முப்பத்தொன்று.
என் கட்டத்தில் எழுதினேன்:
ஒத்துழைப்பு இல்லை.

ஏன் என்று கேட்கத்தான் கேட்டேன்.
"காலையில போட்டா
மலையில எங்க தம்பி ஒதுங்குறது?"
கொட்டாஞ்சேனையில் வளர்ந்த என் தமிழ்
அதை நிழல் என்று விளங்கிக்கொண்டது.
இசுரிக்குச் சிங்களத்தில் சொன்னேன்:
வேலைக்கு நடுவே இளைப்பாற இடமில்லையாம்.
அவள் தலையாட்டி எழுதினாள்.
பின்கட்டில் கைகழுவிக்கொண்டிருந்த இம்ஸானும்
என் வாயால் கேட்டதையே எழுதினான்.
மூன்று கையெழுத்தில்
ஒரே பிழை.

மறுநாள் தர்மலோஜினி
அவள் நடையை அளப்பதற்காக
விடியற்காலைப் பிரட்டுக்கே போனாள்.
சரிவு எத்தனை பாகை, கூடை எத்தனை கிலோ,
எந்த முழங்கால் முதலில் மடிகிறது,
எல்லாம் குறித்தாள்.
புறப்படுமுன் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்திருந்தாள்.
அதைக் குறிக்கவில்லை.

நாலு மணிக்கு இறங்கி வந்தாள்.
காலுறையில் அட்டை, கண்ணில் எரிச்சல்.
எங்களைத் தாண்டி ஒரே ஓட்டமாகப்
பிள்ளைக் காம்பராவின் கக்கூசுக்குப் போனாள்.
வெளியே வந்து கேட்டாள்:
"நேத்து அவங்க சொன்னத
அப்படியே சொல்லு."
சொன்னேன்.
"லூசு, அது நிழல் இல்ல.
அந்த மலையில ஒரு மறைவு கிடையாது.
கங்காணி மேலே, ரோடு கீழே.
அதான் விடிஞ்சதுலேருந்து
ஒரு வாய் தண்ணி குடிக்கிறாங்க இல்ல."

இசுரி தன் வரியை வெட்டினாள்,
தாள் கிழியும் அளவுக்கு.
பிறகு சண்டைதான்.
மாலையில் போடலாம் என்றேன் நான்,
ஆறு மணிநேரத்தில் அடங்கும் என்று கணக்குச் சொன்னேன்.
"ராத்திரி பத்துக்கு
லயத்துக் கக்கூசில் லைட் இருக்கா?"
இம்ஸான் கேட்டான். நான் பார்த்திருக்கவில்லை.
கடைசி நிறுவை மூன்றரைக்கு,
அங்கேயே போடட்டும் என்றாள் தர்மலோஜினி.
அதற்கு இதயம் சம்மதிக்குமா என்று
இசுரி புத்தகம் புரட்டினாள்.
ஆஸ்பத்திரி டாக்டர் படித்துப் பார்த்து
ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார்.

மூன்றாம் வாரம் நூற்றைம்பத்திரண்டு.
வெள்ளிக்கிழமை சாயந்தரம்
வலது கால் செருப்புக்குள் போனது.
இடது கொஞ்சம் அடம்.

துரைக்கு ஒரு கடிதமும் கொடுத்தோம்:
பன்னிரண்டாம் நம்பரில் ஒரு கழிவறை.
இது யாருடைய கட்டத்தில் வரும் என்று
பரீட்சகர் கேட்டார்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அந்தச் சொல்லைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்
தேடிக் களைத்து
தமிழிலேயே போடுகிறேன் என்று
இசுரிதான் பலகைக்கு எழுந்து போனாள்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல
வேலிக் கம்பு நடுவதுபோல் எழுதினாள்:
ஒதுஙக.
புள்ளி விட்டுப்போயிற்று.
இம்ஸான் போய் வைத்துவிட்டு வந்தான்.

கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.