சீட்டு இருந்த பக்கம்

ஆரியங்காவில்
லாட்டரித் தட்டிக்கும் பழம்பொரிக் கடைக்கும் நடுவே
என் கவிதையை நானே கூவி விற்கிறேன்.
லாரிப் படியில் தொற்றி, கண்ணாடி தட்டி,
தூங்கும் டிரைவரை எழுப்பி
வசவும் வாங்கியாயிற்று.

பிறகுதான்
பிரதிக்கொரு லாட்டரிச் சீட்டு செருகினேன்.
ஒரே நாளில் நாற்பது.
சீட்டை உருவிக்கொண்டு
வீசிப்போனதையெல்லாம் பொறுக்கி
பழம்பொரிச் சேட்டன் பொட்டலம் மடித்தார்.
எண்ணெய் ஊறினாலும் எழுத்து தெரிந்தது.

புதன்கிழமை
வைக்கோல் லோடு மாடக்கண்ணு
வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார்.
"சீட்டு விழல.
அது இருந்த பக்கத்துல ஒரு பொம்பள நின்னாளே,
கதவத் தொறந்தாளா இல்லையாவே?"

"தெரியலண்ணே."

"எழுதுன ஒமக்கே தெரியலயா?"
மலைப்பாதையைப் பார்த்தபடி நின்றார்.
ஹாரன்கள் அலறின.

"கிளீனர் பயலுக்கு ஒண்ணு குடும்.
சீட்டு வேண்டாம்,
அந்தக் காசக் கழிச்சிரும்."

கழித்தேன்.