நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

புதுவயலில் ஏறி
கண்டனூர் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்,
சுடிதார் கையெல்லாம் தவிடு.
மில்லில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி
அப்படியே ஓடிவந்திருக்கிறேன்.

காரைக்குடி, பழைய பஸ் ஸ்டாண்டுப் பின்சந்து.
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, பான் கார்டு
எல்லாவற்றுக்கும் மெஹராஜ் அக்கா ஒருத்திதான்.
எனக்கு முன்னால் ஒரு முதியோர் பென்ஷன்,
ஒரு ரயில் டிக்கெட்.
பிறகு நான்.

"பேரு?"
அழகுமீனாள்.
"அப்பா?"
சோலைமலை. அரிசி மில்லில் எடை போடுகிறவர்.
"அதெல்லாம் கேக்கலை. மார்க்கு?"

வேகமாகத் தட்டிக்கொண்டே போனவள்
ஓரிடத்தில் விரலைத் தூக்கினாள்.
விருப்பப் பிரிவு.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
"இது கட்டாயம்."

அம்புக்குறியை அமுக்கியதும்
மளிகைச் சிட்டை மாதிரி இறங்கியது:
ஓவியம், சிற்பம், சுடுமண், அச்சு, நெசவு.
"எதும்மா?"

எது?
ஓவியம் என்றால்
அறிவியல் ரெக்கார்டுக்கு
வகுப்பு முழுவதற்கும் நானே வரைந்தது.
முப்பத்தெட்டுத் தவளை, ஆளுக்கு ஐந்து ரூபாய்.
கடைசித் தவளைகள் எனக்கே பிடிக்கவில்லை.

அச்சு என்றால்
சாக்கில் கிளி மார்க் போடுவது.
தகரத்தில் வெட்டிய கிளி, நீல மை, ஒரு துணிப்பந்து.
லீவு நாளில் நானும் போடுவேன்.
ஒருமுறை தகரம் நழுவி
கிளிக்கு இரண்டு அலகு.
நான் செய்ததிலெல்லாம் அதைத்தான்
திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.
அந்தச் சாக்கு மறுநாளே பரமக்குடிக்குப் போய்விட்டது.

சுடுமண் தொட்டதில்லை.
சிற்பம், தொடாதீர்கள் என்று எழுதிய இடத்தில்
ஒரே ஒருமுறை.
நெசவா, அத்தையின் கண்டாங்கிக் கட்டங்களை
எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.
இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஜன்னத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை.
பி.காம்., பிறகு மாமாவின் டைல்ஸ் கடை.
"ஏதாவது ஒண்ணைச் சொல்லி உள்ள போயிருடி.
மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடான்னு
பந்தியில யாரு கேக்குறா?"

போன வாரம் இரண்டு கல்லூரி பார்த்தோம்.
முதலாவது பெரிது. வாசலிலேயே பலகை,
ஓவியம் இடப்பக்கம், சிற்பம் வலப்பக்கம்.
நான் நின்ற இடம்
சைக்கிள் நிறுத்துமிடமாம். நகரச் சொன்னார்கள்.

இரண்டாவதில் கூரை ஒழுகிய கறை.
விடுதிச் சாம்பாரை அப்பா மோந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லவில்லை.
முதல் வருஷம் எல்லாரும் எல்லாமும் செய்யணும்,
அதற்கப்புறமும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.
அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
வராந்தாக் கோடியில் இருந்த தொட்டியை.
மொத்தக் கல்லூரிக்கும் கை கழுவ அது ஒன்றுதான்.
ஒருத்தன் களிமண்ணோடு வந்தான்,
ஒருத்தி முழங்கை வரை கறுப்பு மையோடு,
அவளை இடித்துக்கொண்டு இன்னொருத்தி, மஞ்சள் சாயம்.
இன்ன நிறமென்று சொல்ல முடியாத தண்ணீர்
சாக்கடைக்குப் போனது.
நானும் கையை நீட்டினேன்.
என்னிடம் இருந்தது பஸ் கம்பியின் துரு.

"சர்வர் போயிரும், சீக்கிரம்."
கல்லூரி இரண்டாவதுதான், அதில் சந்தேகமில்லை.
"அக்கா, தெரியாதுன்னு இருக்கா பாருங்க."
கடைசிவரை உருட்டினாள்.
'இதர' கூட இல்லை.
"மேல இருக்குறதையே போட்டுறவா?"
வேண்டாம் வேண்டாம்.
"அச்சு. இப்போதைக்கு."
"இப்போதைக்குன்னு போட இதுல இடமில்லையே."
சிரித்தாள். போட்டாள்.
நட்சத்திரம் அங்கேயேதான் இருந்தது.

அறுபது ரூபாய். மீதிக்கு ஒரு மிட்டாய்.
சந்தைவிட்டு வெளியே வருவதற்குள் அப்பா போனில்.
"போட்டாச்சா?"
போட்டாச்சு.
"என்னன்னு போட்ட?"
பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது,
இங்கே தேவகோட்டை பஸ் ஹாரன்.
சொன்னேன்.
அவருக்கு என்ன கேட்டதோ, சரி சரி என்றார்.
சொன்னது எனக்கும்
சரியாகக் கேட்கவில்லை.