பட்டை

டெம்பிள் என்றால் இங்கே கோயில் இல்லை,
டெக்சாஸில் ரயில்பாதை போட்ட யாரோ ஒருவரின் குடும்பப்பெயர்.
சாமிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை.
என் வீட்டில்தான் ஒரு சம்பந்தம்:
முட்டை போட்ட கேக்கைக்கூட
முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுப்பவர்.

மார்ச்சில் அவர் வேலை போனது.
ஏப்ரலில், யார் வீட்டுக் கராஜிலோ எட்டு டாலருக்கு
ஒரு பாப்கார்ன் எந்திரம் வாங்கிவந்து
பச்சைக் காப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கினார்.
முதல் வெடிப்பு, இரண்டாம் வெடிப்பு என்று
நோட்டில் நொடிக்கணக்கு.
ஒரு ஈடு கரிந்தது.
மூன்று நாள் பேசவில்லை,
என்னோடு அல்ல, எந்திரத்தோடு.

அந்தக் கரிந்த ஈட்டைத்தான் கேட்டேன்.
"எதுக்கு?"
"உப்பு, கொரகொர மிளகு, நாட்டுச்சர்க்கரை,
கூட இதையும் பொடித்துத் தடவ."
"எதன் மேல?"
சொன்னேன்.
டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக்
கை கழுவப் போனார்.

பன்னிரண்டு பவுண்டு பிரிஸ்கெட்.
கொழுப்பைச் சீவி, பொடியை அப்பி,
ஓக் விறகு பிடித்துக்கொண்டதும்
ஸ்மோக்கரை மூடியபோது சனிக்கிழமை மாலை ஏழு.
ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
பெர்னீஸுக்குக் காய்ச்சல்,
ராத்திரி ரத்தம் பார்க்க ஆளில்லை.

ஷூ மாட்டியபடியே சொன்னேன்:
நாற்பது நிமிஷத்துக்கு ஒரு கட்டை.
தீ இருநூற்றைம்பதைத் தாண்டக்கூடாது.
மூடியைத் திறக்காதீர்கள்.
"திறக்கிறதா? நானா?"

11.20. கட்டை போட்டாச்சு.
12.05. பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் உக்காந்திருக்கு. போகமாட்டேங்குது.
1.40. உள்ளே 162.
2.30. 162.
3.10. 162. தீ நல்லாத்தான் எரியுது.
3.45. 161. குறையுது! நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

நுண்ணோக்கியில் யாருடைய வெள்ளணுக்களையோ
எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை விட்டுப்போனது.
தப்பில்லை, என்று அனுப்பினேன்,
கறி வியர்க்கிறது. வியர்வை வற்றும்வரை
சூடு ஏறாது. எல்லோருக்கும் இப்படித்தான்.
ஒன்றும் செய்யாமல் இருங்கள்.

4.20. எவ்வளவு நேரம்னு யாருக்காவது தெரியுமா?

எதைக் கேட்கிறார் என்று
தெரியாத மாதிரியே எழுதினேன்:
தெரியாது.
மறுபடி முதல் கட்டத்திலிருந்து எண்ணினேன்.

5.02. 166.
5.02. நாய் எழுந்துடுச்சு.

எட்டு மணிக்கு வந்தபோது
குளித்து, நெற்றியில் மூன்று பட்டையோடு
ஸ்மோக்கருக்கு எதிரே மடக்கு நாற்காலியில் இருந்தார்.
குளித்தும் போகாத புகை.
கறிமேல் கறுத்துக் கட்டும் ஓட்டுக்கும்
இந்த ஊரில் பட்டை என்றுதான் பேர்,
மரத்துக்குச் சொல்வது போல.
அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மூடியை நான் திறந்தேன்.
மழை நின்ற தார்ச்சாலையின் கறுப்பு.
அவர் இரண்டடி தள்ளி நின்று
கண்ணை மூடிக்கொண்டு
மூக்கை மட்டும் அனுப்பினார்.
"கொக்கோ வருது. கொஞ்சம் வெல்லம்.
கசப்பு எங்கே போச்சு?"
"கொழுப்பு வாங்கிக்கொண்டது."
"அப்போ அது கரியலை," என்றார்,
என்னவோ நான்தான் கரிந்தது என்று சொன்னது போல.
நோட்டை எடுத்துவந்து
பத்தொன்பதாம் தேதி ஈட்டை அடித்திருந்த
கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார்:
புகைக்கு ஆகும்.

மதியம், தட்டில் ஒட்டிய கறுப்பை
விரலால் வழித்துக்கொண்டே கார்லா கேட்டாள்,
"காப்பியா இது? எப்படிச் செய்தீர்கள்?"
தயிர்சாதக் கிண்ணத்தோடு நின்றவர்
என்னைப் பார்த்தார், நான் தண்ணீர் குடித்தேன்.
"சாப்பிட்டதில்லை," என்றார்,
"ராத்திரி முழுக்கக் கூட இருந்தேன்."