கேந்திக்கு ஆறு இலக்கம்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
கேந்திக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தேன்.
சிவப்புக்கு இரண்டு இலக்கம், பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு இரண்டு.
கேந்தி கிடைத்தது. அரளியும் சிரமமில்லை.
கோழிக்கொண்டைக்குத்தான் மூன்று சாயா செலவு:
கொஞ்சம் கருத்தால் ரத்தம், வெளுத்தால் பீட்ரூட்.

"பேரு படிக்க நேரமில்லம்மா,
நிறத்தைப் பாத்ததும் ஆளுக்கு விளங்கணும்"
என்றிருந்தார் கமிஷன் கடை தாணுலிங்கம்.

பிச்சிக்கு வெள்ளை வைத்தேன்,
எழுத்தும் வெள்ளை என்பதை மறந்து.
திரையில் வெறும் ஒரு வரி.
கிலோ ஆயிரத்து இருநூறு அதற்குள் இருந்தது,
கட்டிய சாக்குக்குள் பூ இருக்கிற மாதிரி.
வாசனை வராததுதான் குறை.

எழுத்தைக் கருப்பாக்கினேன்.
விடிந்தால் காட்டவேண்டும் என்ற அவசரத்தில்
நிறத்தைக் கொடுக்கவேண்டிய இடத்தில்
நிறம் குடியிருக்கும் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.
இயந்திரம் கோபிக்கவில்லை.
விலாசமும் எண்தானே;
கதவு எண்ணைக் கரைத்துச் சுவருக்கு அடித்துவிட்டது.

தோவாளை. மூன்றரை மணி.
ஆரல்வாய்மொழிக் காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
தாணுலிங்கத்தின் போனில்
பதினான்கு பூவும் ஒரே புகைநிறம்.

நெய்யாற்றின்கரைக்கு லோடு எடுக்க வந்த செல்லத்தங்கம்
ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள்:
"செரியாத்தான இருக்கு.
கரண்டு போனா எல்லாப் பூவும் இந்த நிறந்தான்.
நாங்க கையால பாத்துல்லா எடுக்கோம்.
வெலைய மட்டும் பெருசா எழுது."

பெரிதாக எழுதினேன்.
கவிழ்த்த கூடையின் மேல் மடிக்கணினி வைத்து
நிறங்களையும் திருத்தினேன்.
அதற்குள் அவள் வண்டி கிளம்பியிருந்தது.

திருவோணம் கழிந்த மறுநாள்
கேந்தி கிலோ ஐந்து. பத்து மணிக்கு மூன்று.
பிறகு கேட்க ஆளில்லை.
சந்தைக்குப் பின்னால் மாடுகள் முழங்கால் அளவு ஆரஞ்சில் நின்று
வேண்டாவெறுப்பாக மென்றன.
தாணுலிங்கம் போன் செய்தார்:
"வெலையே இல்லாத பூவுக்கு என்ன நிறம் வைப்பே?"

ஆறு இலக்கத்துக்கு முன்னால் இன்னும் இரண்டு உண்டு,
நிறம் எவ்வளவு தெரியலாம் என்பதற்கு.
அங்கே இரண்டு சுழியம் போட்டால்
கேந்தி கேந்தியாகவேதான் இருக்கும்,
யார் கண்ணிலும் படாது.

போட்டேன்.
வரியையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
"வேண்டாம், கிடக்கட்டும்.
சரஸ்வதி பூசை வருதுல்லா."