தண்ணிக் கழிவு

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல்
மூன்று படி ஏறினால் என் ஜெராக்ஸ் கடை.
கண்ணாடியில் ஒட்டிய தாளில்
ஆதார், பான், பஸ் பாஸ், லேமினேஷன்.
கடைசி வரி மட்டும் பேனாவில்:
"ஆப் யோசனை இருந்தால் ஆள் பிடித்துத் தரப்படும்."

சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும்.
வீடு பார்த்துத் தருகிறவன் இருக்கிறான்,
கேரட் லோடுக்கு மேட்டுப்பாளையத்தில் மண்டி பிடிக்கிறவன் இருக்கிறான்,
பெண்ணுக்குப் பையன் பார்ப்பவனுக்கு டீயும் வர்க்கியும் தனி.
யோசனைக்கு வரன் பார்க்க
ஒருத்தன் இருந்தால் என்ன?

இதுவரை வந்தவை பதினொன்று.
காட்டெருமை எந்த வளைவில் நிற்கிறதென்று சொல்ல ஒன்று,
காலி காட்டேஜைக் காட்ட நான்கு
(நான்கும் ஒன்றுதான்),
செத்துப்போன மாமனாரோடு பேச ஒன்று.
அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

பன்னிரண்டாவதாக வந்தவர் கிரிஜா பெள்ளி.
நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
"சொன்னா எடுத்துக்குவாங்களே" என்றார்,
ஆளே இல்லாத கடையில் குரலைத் தாழ்த்தி.

ஒன்றரை ஏக்கர் தேயிலை.
மழை நாளில் இலை ஈரம் என்று
நூறு கிலோவுக்குப் பத்து கழிப்பார்கள், பன்னிரண்டு கழிப்பார்கள்.
அடுத்த ஹட்டியில் அதே மழைக்கு எட்டு.
மேகம் ஒன்றுதான்,
கழிவு மட்டும் ஏஜெண்டுக்கு ஒன்று.
அன்றன்றைக்கு எல்லோரும் போனில் போட்டால்
எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.
அவ்வளவுதான் யோசனை.
சொல்லி முடிக்கும் வரை
என் கால்குலேட்டரைக் கையிலிருந்து விடவில்லை.

திலகேஸ்வரனுக்குப் போன் போட்டேன்.
பெங்களூரில் ஆறு வருஷம்; ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில்
நாற்பது பேரோடு சேர்த்துக் கழித்துவிட்டார்கள்.
இப்போது அரசுத் தோட்டத்து லைன் வீட்டில்,
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து
யாரோ ஒரு ஜெர்மன்காரனுக்கு கோடிங் எழுதுகிறான்.

வந்தான்.
நடுவில் ஜெராக்ஸ் மிஷின்.
அவர் சொல்ல மாட்டேன் என்கிறார்,
இவன் கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.
என்ன செய்வதென்று தெரியாமல் மூடியைத் தூக்கி
ஒரு வெள்ளைத் தாளைப் பிரதி எடுத்தேன்.
பச்சை வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள்
கிரிஜாக்கா சொல்லிவிட்டிருந்தார்.

அவன் விலை பேசவில்லை.
"உங்க தோட்டத்துல இலை யாரு பறிக்கிறாங்க?"
"ரெண்டு பேர் வருவாங்க. கிலோ கணக்கு."
"மழை நாள்ல அவங்களுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

தகரத்தில் மழை.
கையிலிருந்த கால்குலேட்டர் தானாக அணைந்தது.
"மூணு" என்றார்.
பிறகு,
"சில நாள் நாலு."

"எங்கம்மாவுக்கு சாக்கு எடைன்னு இன்னொண்ணு"
என்றான் அவன், கோபமில்லாமல்,
சில்லறை இல்லை என்று சொல்வதுபோல.
"பறிக்கிறவங்களுக்கும் ஒரு கட்டம் வெச்சாத்தான் செய்வேன்."

அவர் எழுந்தார். வாசலுக்குப் போய்க் குடையை எடுத்தார்.
போச்சு, பன்னிரண்டும் போச்சு என்று
நோட்டை மூடினேன்.
குடையை உதறி, மடக்கி,
உள்ளே கொண்டுவந்து மூலையில் சாத்தினார்.
"பாதிப் பாதி. அந்தக் கட்டத்துக்கு நீயே பேர் வை."

எனக்கு ஐந்து சதவீதம் என்று
மெல்ல ஆரம்பித்தேன்.
"கழிவா?" என்றார்கள்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
கூட்டாளிகளாக அவர்கள் பேசிய முதல் வார்த்தை.

இருபது ரூபாய் முத்திரைத்தாள்,
இரண்டு பக்கம், மூன்று பிரதி.
பன்னிரண்டு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டேன்.
கவர் இருக்கிறதா என்றார்கள்;
நீலகிரியில் ஏது பிளாஸ்டிக் கவர்?
ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு இறங்கினான்,
அவர் பாதிக் குடையை அவன் பக்கம் சாய்த்தார்,
ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது.