ஒரு ஸ்டாப் வித்தியாசம்

ஓஸ்மோ இரண்டையும் மேசைமேல் வைத்தான்.
இரண்டு கறுப்புக் குழல்கள்,
இரண்டும் எழுபதிலிருந்து இருநூறு வரை போகும்.
ஒன்று 2.8. மற்றது 4.
எண் சின்னதென்றால் வாய் பெரிது,
வாய் பெரிதென்றால் விலையும்.
தொள்ளாயிரத்து நாற்பது யூரோ; நானூற்றுப் பத்து.
ஒன்றரைக் கிலோ; அதில் பாதி.

"வித்தியாசம் ஒரே ஒரு ஸ்டாப்தான், ஹில்க்கா"
என்றான்,
பஸ் ஓட்டுகிறவளிடம்.

என் தடத்தில்
ஒரு ஸ்டாப் என்பது பதினோரு கிலோமீட்டர்.
நடுவில் ஊசியிலைக் காடு, உறைந்த ஏரி,
தபால்பெட்டிகள் மட்டும் நிற்கும் ஒரு திருப்பம்.
போன ஜனவரியில், தூங்கிப்போய்
ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கிய பையனைத் தேட
இரண்டு பனிவண்டிகள் போயின.
'ஒரே ஒரு' என்ற சொல்லை
நான் எளிதில் நம்புவதில்லை.

வெள்ளி மாலை இரண்டையும் இரவல் தந்தான்.
கீறல் விழுந்தால் என்னுடையது என்ற ஒப்பந்தம்.

சனிக்கிழமை, பனி அரங்கில், பெண்பிள்ளைகளின் ரிங்கெட்.
ஹாக்கிக்குத் தங்கச்சி மாதிரி ஆட்டம்;
ரப்பர் வளையத்தைக் கோல்நுனியில் குத்தி
இழுத்துக்கொண்டு பறப்பார்கள்.
நீலச் சட்டை எங்களூர்.
கிளப் எனக்கு ஐம்பது யூரோ தரும், காப்பியும்.

முதல் பாதி 2.8.
அந்த மங்கல் வெளிச்சத்தையும் வாரிக் குடித்தது அது.
நொடியை எண்ணூறாய் நறுக்கியும்
ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறைத் தாண்டவில்லை.
கோல்காரி வென்லாவின் முகக்கம்பிக்குப் பின்னால்
ஒவ்வோர் இமைமயிரும்.
அவளுக்குப் பின்னால் எல்லாம் பாலில் கரைந்திருந்தது:
விளம்பரப் பலகை, பெஞ்சு, பெற்றோர்.
அழகு, என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இடைவேளையில் ஒரு தாய் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
"இதில் என் ஆவா எங்கே?"
கரைந்த பாலில் ஒரு நீலத் திட்டைக் காட்டினேன்.
இன்று அவளுக்கு முதல் ஆட்டம் என்றாள்,
குறையாக இல்லை, தகவலாக.

தெரியும்: 2.8-ஐ மூடி நாலாக்கலாம்,
நாலைத் திறந்து 2.8 ஆக்க முடியாது.
பெரிய தொண்டைக்காரன் மெல்லவும் பேசலாம்.
ஓஸ்மோ இதைச் சொல்லித்தான் விற்பான்; உண்மைதான்.
ஆனால் பதினாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த என் மணிக்கட்டு
அதற்குள்
வேறோர் உண்மையைப் பேச ஆரம்பித்திருந்தது.

இரண்டாம் பாதி 4.
கை மிதந்தது.
படத்தில் வென்லா இருந்தாள், ஆவாவும் இருந்தாள்,
இருவர்மேலும் ரவையைத் தூவியதுபோல்.

அப்போதுதான் அண்ணாந்தேன்.
கூரையில் இரண்டு வரிசை விளக்கு.
ஒரு வரிசை அணைந்து கிடந்தது.
நாலு குளிர்காலம் அதன் கீழே நின்றிருக்கிறேன்.

ஐஸ் வழிக்கும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த
ராய்லியிடம் கேட்டேன்.
"அது ஆண்கள் லீக் ஆட்டத்துக்கு" என்றாள்.
பிறகு, "மணிக்குப் பதினாலு யூரோ மின்சாரம்."
பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுச்
சாவிக்கொத்தைத் தேடினாள்.

சட்டென்று எரிகிற ரகமில்லை அவை.
முதலில் ஊதா, பிறகு பச்சை கலந்த வெள்ளை,
நாலு நிமிடம்.
பிள்ளைகள் ஒவ்வொருத்தியாய் மேலே பார்த்தார்கள்,
ஒருத்தி வளையத்தையே விட்டுவிட்டு.
மீட்டர் நகர்ந்தது.
கூடவுமில்லை குறையவுமில்லை, ஒரு ஸ்டாப்.

திங்கள் காலை நானூற்றுப் பத்தை எண்ணி வைத்தேன்.
"வருத்தப்படுவாய்" என்றான் ஓஸ்மோ,
பெரியதைத் துடைத்துக்கொண்டே.

மார்ச்சில் சதுப்புக்காட்டுக்குப் போனேன்.
லென்ஸ் கோட்டுப்பையில் இருந்ததே தெரியவில்லை.
அந்தி, தாழ்ந்த கிளை,
செம்பழுப்பு வாலோடு ஒரு காட்டு ஜே.
காட்டில் ராய்லி இல்லை.
பறவை படத்தில் மூன்று கோடுகளாய் விழுந்தது.

கடை என் தடத்தில்தான் இருக்கிறது.
அந்த ஸ்டாப்பில் யாரும் கை காட்டாத நாளிலும்
கொஞ்சம் மெதுவாக்குகிறேன்.
கண்ணாடிக்குள் அது இன்னும் இருக்கிறது,
வாயை அகலத் திறந்துகொண்டு.
நேற்று விலையை அடித்து எழுதியிருந்தான்:
எண்ணூற்று எழுபது.