கொண்டை ஊசி

மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை.
பாலிஷ் மோட்டார் ஓடாது, பட்டறைக்குப் பூட்டு.
பனங்காட்டில் அன்று எல்லோரும் துணி துவைத்தார்கள்.
நான் வண்டியைத் துடைத்தேன்.

சவுகத் அண்ணனிடம் பதினெட்டாயிரத்துக்கு எடுத்தது.
மூன்றாவது கை. டேங்கில் யாரோ ஒட்டிய வேல் ஸ்டிக்கரை
யாரோ பாதி உரித்திருக்கிறார்கள்.
"ஸ்கூட்டி பாரேம்மா" என்றவர்
நான் கிளட்சை விட்ட விதம் பார்த்துப் பேச்சை மாற்றினார்.
தனபால்தான் இன்னும் பின்னால் ஏறவில்லை.
இடுப்பு வலிக்குமாம்.
இடுப்புக்கு எங்கள் வீட்டில் இன்னொரு பெயர் மானம்.

ஹெல்மெட்டுக்குக் கொண்டை ஒத்துக்கொள்ளாது.
ஊசியை உருவிப் பல்லில் கடித்து
முடியைப் பின்னிச் சட்டைக்குள் விட்டு
ஊசியை மறதியாகக் காலரில் செருகிக்கொண்டேன்.

ஐந்து ரோடு சிக்னலில், பஸ் ஜன்னலில் ஒரு பையன்
என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்,
கணக்கில் எங்கோ தப்பு என்பதைப் போல.
அஸ்தம்பட்டி. கோரிமேடு.
ஊர் முடிவது மூக்குக்குத்தான் முதலில் தெரிகிறது:
டீசல் விலகி, காய்ந்த புல்.

பஸ்ஸில் ஏற்காடு போயிருக்கிறேன், ஏழெட்டு முறை.
அப்போது மலை ஒரு படம், ஜன்னல் அளவுக்கு வெட்டியது.
கையில் எலுமிச்சம்பழம், முன்சீட்டில் யாரோ வாந்தி.
இப்போது மலை என் முழங்காலில் இருக்கிறது.
நான் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது.
ஐந்தாம் வளைவில் வெயில் கழன்று விழுந்தது.
எட்டில் யாரோ கழுத்தில் ஈரக்கை வைத்தார்கள்.
ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டே போனேன்.
என்ன பேசினேன் என்று சொல்ல மாட்டேன்.
ரஞ்சிதத்தைக் கொஞ்சம் திட்டினேன், அது போதும்.

பதினொன்றில் நின்றுவிட்டது.

உதைத்தேன். இருமியது.
உதைத்தேன். இருமலும் இல்லை.
சுவர்மேல் குரங்குகள், டிக்கெட் எடுத்து வந்தவை போல வரிசையாக.
ஒரு கார் மெதுவானது.
"கூட யாரும் வரலையா?"
பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போனது.
பக்க மூடியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன்.
பிளக் சுட்டது. சுடட்டும்.
பதினாறு வருடம் வெங்காரமும் நெருப்புமாகக்
கொலுசுக் கண்ணி பற்றவைத்த விரல்,
சூடு இதற்குப் பழைய சிநேகம்.
முனையெல்லாம் கரி, அப்பிய கண்மை மாதிரி.
துணி போதவில்லை. நகம் நுழையவில்லை.
காலரைத் தடவினேன்.

சுரண்டினேன், ஊதினேன், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
அப்போதுதான் எதிரே அந்தத் தகரப் பலகை:
கொண்டை ஊசி வளைவு 11/20.
வாய்விட்டுச் சிரித்ததில் ஒரு குரங்கு நகர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாம் உதையில் பிடித்துக்கொண்டது.

மேலே என்ன பார்த்தாய் என்று கேட்டால்,
ஏரி இருந்தது. படகுகள் இருந்தன.
மிளகாய் பஜ்ஜி தின்றேன், மூக்கு ஒழுகியது.
போனது அதற்கல்ல.
எதற்கு என்று கேட்டால் வண்டியைக் காட்டத்தான் தெரியும்.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
நான்காம் வளைவில் நிறுத்திக் கீழே பார்த்தேன்.
சேலம் முழுக்க விளக்கு,
மேற்கோரம் மட்டும் ஒரு கறுப்புத் துண்டு.
ஐந்துக்கு வருவதாகச் சொன்ன கரண்ட் இன்னும் வரவில்லை.
அந்தக் கறுப்பில் எங்கோ
தனபால் டார்ச்சோடு தீப்பெட்டி தேடிக்கொண்டிருப்பார்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எரிந்தது, ஒரே நொடியில், மொத்தமும்.
அதற்கு ஏனோ கை தட்டினேன்.

வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் வந்தார்.
எஞ்சினைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார்.
"இவ்வளவு சூடா?"
"ஆமாம்."
சீட்டின் பின்பாதியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்,
தூசிக்காக.

மறுநாள் பட்டறையில் ரஞ்சிதம் கேட்டாள்:
"பிடரில என்னடி கரி?"
"பதினொன்னு" என்றேன்.
என்ன பதினொன்று என்று அவள் வாயெடுப்பதற்குள்
மோட்டாரைப் போட்டுவிட்டார்கள்.